உப்புக் காற்றில் ஒரு கான்டசா

அக்கா மகனுக்கு மரக்காணத்தில் உப்பு லாரித் தொழில். அவன் வாங்கிப் போட்டிருக்கும் பழைய கான்டசாவுக்குப் பின்பக்க சஸ்பென்ஷன் என்ன வைப்பது என்பதில் எங்களுக்குள் ஓயாத வழக்கு. அமெரிக்கர்களுக்கு மஸ்டாங், கமாரோ என்றால் நம்மூர்ப் பையன்களுக்கு நீள மூக்குக் கான்டசாதான் ‘மசில் கார்’. அதிலிருக்கும் 1.8 லிட்டர் இசுசு எஞ்சினுக்கும் மசிலுக்கும் பெரிய சம்பந்தமில்லை என்று சொன்னால் அவன் முகம் வாடிவிடும், சொல்வதில்லை.

“மாமா, பேசாம கமான் பட்டை போட்டுரலாம். நம்ம லாரிப் பட்டறையிலயே வேலை முடிஞ்சிரும்” என்கிறான். நியாயம் இல்லாமல் இல்லை. பட்டை, அதாவது லீஃப் ஸ்பிரிங், சுமையைத் தாங்கும். ஆக்சிலை முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் நகரவிடாமல் பிடித்தும் கொள்ளும். 1967 கமாரோவில் பின்னால் ஒற்றைப் பட்டைதான். மிதித்தால் ஆக்சில் முறுக்கிக்கொண்டு குதித்தது. மறு வருடமே வலுவான எஞ்சின் மாடல்களுக்குப் பல பட்டைகள் கொடுத்து, ஒரு ஷாக்கை ஆக்சிலுக்கு முன்னும் மற்றதைப் பின்னுமாக மாட்டினார்கள்.

கான்டசாவின் கதை வேறு. அது பிரிட்டனின் வாக்ஸ்ஹால் விக்டர் வம்சம். பின்னால் காயில் ஸ்பிரிங். காயிலுக்குத் தாங்கத் தெரியும், பிடிக்கத் தெரியாது. ஆக்சிலைப் பிடிக்க நீளவாட்டில் கைகளும், பக்கவாட்டில் பான்ஹார்ட் ராடும் உண்டு. தனி சேஸிஸ் இல்லாத பாடி வேறு. பட்டைக்கு மாறினால் அதன் தாங்கிகளைத் தரைத்தகட்டில் புதிதாக வெல்டு வைக்க வேண்டும். அந்த இடத்தில் எடை இறங்கும் என்று எண்ணி யாரும் அந்தத் தகட்டை அடிக்கவில்லை.

இந்தக் கரையில் அதைவிடப் பெரிய கேள்வி துரு. உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பட்டைகளின் இடுக்கில் புகுந்தால் லேசில் காயாது. துரு இரும்பைவிட அதிக இடம் கேட்பதால் பட்டைகளை நெம்பும். துரு தின்ற குழியில்தான் விரிசல் பிடிக்கும். உப்பு லாரியின் பட்டையைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். காயிலில் அந்த இடுக்கு இல்லை. கீழ் இருக்கையில் சேறு தங்காமல் கழுவினால் போதும்.

சக்கரங்கள் தனித்தனியே அசையும் இன்டிபென்டன்ட் சஸ்பென்ஷன் போடலாமே என்பது அவனது அடுத்த ஆசை. சென்னை ஸ்டாண்டர்டு மோட்டார் தயாரித்த ஹெரால்டில் அதுதான் இருந்தது. அந்த வண்டியில் வளைவில் வேகமாகப் போகையில் சட்டென்று ஆக்சிலேட்டரை விட்டால் வெளிப்பக்கச் சக்கரம் உள்ளே மடங்கும். பிறகு வந்த கெசல் காருக்கு அதே கம்பெனி கட்டை ஆக்சிலையே மாட்டியது. புதுசு எல்லாம் மேல் என்று நம்புகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். ஸ்பிரிங்குக்குப் பதில் மாட்டும் ஏர் பலூனைப் பற்றி நான் பேசவே மாட்டேன். கம்ப்ரசரும் வால்வும் வயரும் உப்புக் காற்றில் என்ன பாடுபடும் என்று அவனுக்கே தெரியும்.

என் தீர்ப்பு: இருக்கும் காயிலும் கைகளும் அப்படியே இருக்கட்டும். புஷ் எல்லாம் புதுசு, ஷாக் புதுசு. ஈசிஆரில் வேகத்தடை ஏறும்போது பின்பக்கம் அரை விரல் ஒதுங்கினால் ஒதுங்கட்டும். பான்ஹார்ட் ராடின் சுபாவம் அது. மிச்சப் பணத்தை டிங்கரிங்குக்குக் கொடுங்கள். பழைய வண்டி கட்ட நினைக்கிற யாராக இருந்தாலும், ஸ்பிரிங் கடைக்குப் போகும் முன் வண்டியைத் தூக்கி, கைகள் பாடியில் சேரும் இடங்களை ஸ்க்ரூடிரைவரால் ஒருமுறை குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் முதல் செலவு அங்கேதான்.