நூஹு நபியின் மக்களும் நம் வமிசப் பெருமையும்

மனிதன் மனிதனைச் சந்தித்தவுடன் முதலில் பெயரைக் கேட்கிறான்; அடுத்து ஊரைக் கேட்கிறான்; மூன்றாவதாக, "உங்கள் பூர்வீகம் எது?" என்று கேட்கிறான். முதலிரண்டு கேள்விகளும் அறிமுகத்துக்காக எழுபவை. மூன்றாவது கேள்வியோ பல வேளைகளில் எடை போடுவதற்காகவே எழுகிறது.

இராமானுசர் பிறந்த திருப்பெரும்பூதூரிலிருந்து ஒரகடம் வரை நீண்டு கிடக்கும் தொழிற்சாலை வட்டாரத்தில் இக்கேள்வி இன்று நாள்தோறும் பல மொழிகளில் கேட்கப்படுகிறது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஆலை உற்பத்தியைத் தொடங்கிற்று. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான் ஆலை வந்தது. ஏரியும் வயலுமாக இருந்த சிற்றூர்களில் இன்று பீகாரியும் ஒடியரும் அஸ்ஸாமியரும் நம் தென்மாவட்டத்து இளைஞரோடு அடுத்தடுத்த அறைகளில் வாழ்கின்றனர். ஜும்ஆ தொழுகையில் தோளோடு தோள் உரச ஒரே ஸஃப்பில் நிற்பவர்கள், வாசலுக்கு வந்து செருப்பை மாட்டியதும் பூர்வீகத்தின்படி தனித்தனிக் கூட்டமாகப் பிரிந்து நிற்பதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். ஸஃப்பில் இல்லாத பூர்வீகம் வாசலில் எங்கிருந்து வந்தது? அதைச் சற்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மக்களினங்கள் எங்கிருந்து தோன்றின என்ற கேள்விக்கு உலகம் எழுதிவைத்த பழைய விடைகளுள் ஒன்று, யூதர்களும் கிறிஸ்தவர்களும் ஓதும் ஆதியாகமத்தில் இருக்கிறது. அதன் 5-ஆம் அதிகாரம் ஆதமிலிருந்து நூஹு வரையுள்ள தலைமுறைகளை எண்ணுகிறது. 10-ஆம் அதிகாரம், வெள்ளத்துக்குப்பின் நூஹின் மூன்று மக்களிடமிருந்து உலகின் இனங்கள் யாவும் கிளைத்தன என்று பட்டியலிடுகிறது. அவர்கள் சேம், காம், யாப்பேத்து எனத் தமிழ் வேதாகமத்திலும், ஸாம், ஹாம், யாஃபித் என நம் நூல்களிலும் பெயர் பெறுகின்றனர். இப்பட்டியல் அரபு வரலாற்றாசிரியர்களின் ஏடுகளிலும் இடம்பெற்றது. இமாம் தபரீ அவர்கள் இதனை விரிவாக எடுத்தெழுதினார்கள். நம் உமறுப்புலவர் பாடிய சீறாப்புராணத்திலும் தலைமுறைப் படலம் என்றொரு படலம் உண்டு. ஆதம் நபி (அலை) அவர்களிலிருந்து நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள்வரை வழிவழியாக வந்த ஒளியை அது பாடுகிறது. ஆகவே இது பிறர் வீட்டுச் சங்கதியன்று. நம் வீட்டு ஏட்டிலும் உள்ள சங்கதியே.

நிற்க. இப்பட்டியலின் ஆண்டுக் கணக்கு எத்தகையது? ஆதமிலிருந்து வெள்ளம்வரை எபிரேயப் பிரதியின்படி 1656 ஆண்டுகள். சமாரியர் பிரதியின்படி 1307 ஆண்டுகள். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பிலோ 2200-க்கும் மேல். ஒரே வேதத்தின் மூன்று பிரதிகள் மூன்று கணக்குச் சொல்கின்றன. எனினும் அயர்லாந்துப் பேராயர் அஷர், 1650-ல் வெளியிட்ட தம் நூலில், உலகம் கி.மு. 4004-ல் படைக்கப்பட்டதென்று எண்ணிச் சொன்னார். ஆங்கில வேதாகமத்தின் ஓரங்களில் அவர் கணக்கு நெடுங்காலம் அச்சிடப்பட்டும் வந்தது. நம் மரபறிஞர்கள் இவ்வகையில் எச்சரிக்கை மிக்கவர்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வமிசாவளி அத்னான்வரை ஒருமித்து ஏற்கப்பட்டது என்றும், அதற்கு மேலுள்ள பெயர்களில் கருத்து வேறுபாடு உண்டு என்றும் அவர்கள் வெளிப்படையாகவே எழுதிவைத்தார்கள்.

அஷரின் கணக்குக்கு மறுப்பு நம் மண்ணிலேயே கிடைத்தது என்பது பலர் அறியாத செய்தி. 1863-ஆம் ஆண்டு மே மாதம், புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் கற்கால மனிதன் செதுக்கிய கைக்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். தமிழில் வேதாகமத்தை மொழிபெயர்த்த பாதிரியார் பீட்டர் பெர்சிவலின் மருமகன் அவர்! மாமனார் வமிசப் பட்டியலைத் தமிழாக்கினார். மருமகனோ அப்பட்டியலுக்கு அடங்காத கல்லைக் கையில் எடுத்தார். அதே ஆண்டில் திருவள்ளூர் மாவட்டத்துக் கொற்றலையாற்றுப் படுகையில் அத்திரம்பாக்கத்தையும் அவர் கண்டறிந்தார். அங்கு நடந்த அகழாய்வின் பயனாக, அக்கருவிகளுள் பழையவை சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என 2011-ல் அறிவிக்கப்பட்டது.

அவ்வளவு தூரம் போவானேன்? ஒரகடத்துக்கு அருகே வடக்குப்பட்டு என்ற ஊரில் 2022-ல் இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வு செய்தது. சுமார் 12,000 ஆண்டுப் பழமையுடையவை என்று கருதப்படும் கற்கருவிகள் அங்கே கிடைத்தன. அவற்றோடு ரோமானிய வணிகத் தொடர்பைக் காட்டும் பானையோடுகளும் கிடைத்தன. இன்று காரின் உறுப்புகள் வார்க்கப்படும் அதே மண்ணில், பெயரும் வமிசமும் அறியப்படாத யாரோ ஒருவன் கல்லைத் தட்டிக் கருவி செய்திருக்கிறான். அவன் ஸாமின் வழியா, ஹாமின் வழியா? அவனுடைய உழைப்பு எஞ்சியிருக்கிறது, குலம் எஞ்சவில்லை.

ஃபூட் பல்லாவரத்தில் கல்லெடுத்த அதே 1863-ல் லண்டனில் ஒரு நூல் வெளியாயிற்று. நைல் நதியின் மூலத்தைத் தேடிச்சென்ற ஜான் ஹானிங் ஸ்பீக் எழுதிய பயண நூல் அது. நடு ஆப்பிரிக்காவில் மாடு மேய்த்து அரசாண்ட குடியினர் அந்நாட்டினரல்லர் என்றும், எத்தியோப்பியாவிலிருந்து வந்த ஸாம்-ஹாம் வழித்தோன்றல்கள் என்றும் அவர் ஊகித்து எழுதினார். ஊகம் பாடமாயிற்று, பாடம் சட்டமாயிற்று. 1930-களில் பெல்ஜிய ஆட்சியினர் ருவாண்டா மக்களுக்கு ஹுட்டு, டுட்ஸி என இனம் குறித்த அடையாள அட்டை வழங்கினர். 1992 நவம்பரில் லியோன் முகெஸேரா என்ற ஹுட்டு அரசியல்வாதி, டுட்ஸிகளை அவர்களின் பூர்வீகமான எத்தியோப்பியாவுக்கு ஆற்றின் வழியே அனுப்பிவைப்போம் என்று மேடையில் முழங்கினார். 1994-ல் நூறு நாட்களில் சுமார் 8 லட்சம் பேர் வெட்டிக் கொல்லப்பட்டனர். ஆறுகள் பிணங்களைச் சுமந்து சென்றன. பூர்வீகக் கதை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

ஹாமின் வழியினர் சபிக்கப்பட்டதனால் கறுத்தார்கள் என்றொரு கட்டுக்கதையும் உலவிற்று. ஆதியாகமத்திலோ அச்சாபம் ஹாமின் மகன் கானானைப் பற்றியது. நிறத்தைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. நம்மவரிலும் சிலர் அக்கதையை எடுத்தெழுதினர் என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால் இப்னு கல்தூன் 1377-ல் எழுதிய தம் முகத்தமாவில் அதை மறுத்து, நிறவேறுபாடு தட்பவெப்பத்தால் விளைவதென்று விளக்கினார். திம்புக்தூவின் மார்க்கமேதை அஹ்மது பாபா, 1615-ல் ஒரு வினாவுக்கு விடையாக, ஹாமின் கதையைக் காட்டி எவரையும் அடிமைப்படுத்தலாகாது என்று எழுதினார்.

நம் நாட்டுக்கு வருவோம். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பீஜப்பூரில் வரலாறு எழுதிய ஃபிரிஷ்தா, ஹாமின் மகன் ஹிந்த் என்றும், ஹிந்தின் மகன் தகன் என்றும், தகனின் மக்கள் மர்ஹட், கன்ஹர், திலங்க் என்றும் வரிசைப்படுத்தினார். மராட்டியருக்கும் கன்னடியருக்கும் தெலுங்கருக்கும் தந்தை கிடைத்துவிட்டார். அம்மூவரில் தமிழர் இல்லை! எழுதியவருக்கு அண்டை அயலார் யாரோ அவர்களே உலகமாயினர். ஆதியாகமப் பட்டியலும் அவ்வாறே தன் அக்கம்பக்கத்தை மட்டுமே அறிந்திருந்தது.

இலங்கையில் இது ஆட்சிமன்றம்வரை சென்றது. சோனகர்கள் இனத்தால் தமிழர், சமயத்தால் முஸ்லிம்கள் என்று பொன்னம்பலம் இராமநாதன் 1888-ல் கட்டுரை படித்தார். சோனகருக்குச் சட்டசபையில் தனி இடம் வேண்டுமா என்ற வாதம் நிகழ்ந்த காலம் அது. ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907-ல் நூலாகவே மறுப்பெழுதி, தம் முன்னோர் அரபியரே என்று வாதிட்டார். இருவருக்கும் வேண்டியிருந்தது உரிமை. இருவரும் அதைத் தேடியதோ பாட்டனாரின் கப்பலில்! 2010-ல் வெளியான மரபணு ஆய்வொன்று, இந்திய முஸ்லிம்கள் பெரும்பாலும் தத்தம் வட்டாரத்து மக்களோடே ஒத்திருக்கின்றனர் என்றும், மேற்காசியக் கலப்பு சிறிதளவே என்றும் கண்டது.

திருமறையோ நூஹு நபியின் மக்களில் எவரையும் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. அது விரித்துரைப்பது கப்பலில் ஏற மறுத்து மூழ்கிய ஒரு மகனை மட்டுமே. தந்தை பாசத்தால் இறைஞ்சியபோது, அவன் உம் குடும்பத்தைச் சேர்ந்தவனல்லன் என்று இறைவன் அறிவித்ததை ஸூரா ஹூதில் காண்கிறோம். எந்த நபியின் பெயரால் உலகமே வமிசம் பிரித்துக்கொண்டதோ, அந்த நபியின் வீட்டிலேயே வமிசம் கைகொடுக்கவில்லை! ஸூரா ஹுஜுராத்தோ, குலங்களும் கோத்திரங்களும் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்றும், மேன்மை இறையச்சத்தில் இருக்கிறதென்றும் தெளிவாக்குகிறது.

இதையெல்லாம் ஏட்டளவில் ஒப்புக்கொள்வது எளிது; வீட்டுக்குள் வரும்போதுதான் சோதனை. அண்மையில் நம் உறவினர் ஒருவர் கவலையோடு வந்தார். அவர் மகள் டிப்ளமோ முடித்து ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கிறாள். அங்கேயே தரச்சோதனைப் பிரிவில் இருக்கும் பாகல்பூர்க்காரப் பையனுக்குப் பெண் கேட்டு, பள்ளிவாசல் இமாம் மூலம் முறைப்படி பேச்சு வந்திருக்கிறது. எட்டாண்டுகளாக இங்கிருப்பவன், தமிழ் பேசுகிறான், தொழுகையாளி.

"பையன் தங்கமானவன்தான் மச்சான். ஆனால் நெசவாளர் வீட்டுப் பிள்ளையாம். நம் முன்னோர் அரபு நாட்டிலிருந்து வந்தவர்கள் என்று அத்தா சொல்லிச் சொல்லி வளர்த்தார்களே! குடும்பத்தில் என்ன சொல்வார்கள்? கிதாபிலேயே குஃபூ பார்க்கச் சொல்லியிருக்கிறதே!" என்றார் அவர்.

நாம் சொன்னோம்: "அந்தப் பையனின் குடும்பப் பெயர் என்ன? அன்ஸாரி. வடநாட்டு நெசவாளர்கள், மதீனத்து அன்ஸாரிகளே தங்கள் மூதாதையர் என்கிறார்கள். உங்கள் ஷஜராவும் உண்மை, அவர்கள் ஷஜராவும் உண்மையென்றால் இருவரும் அரபு நாட்டு அண்டை வீட்டார். இரண்டும் உண்மையல்லவென்றால் இருவரும் இந்நாட்டு மண்ணின் மக்கள். எப்படிப் பார்த்தாலும் சமன்தான்! குஃபூவில் வமிசத்தை நம் ஷாஃபிஈ, ஹனஃபீ கிதாபுகள் சேர்க்கின்றன என்பது மெய். மாலிக்கீ மத்ஹபில் மார்க்கமே முதன்மை. சேர்த்தவர்களும், பெண்ணும் வலியும் மனமொப்பினால் நிக்காஹ் கூடும் என்றே எழுதினார்கள். குறைஷிக் குலத்து ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களை, அடிமையாயிருந்து விடுதலை பெற்ற ஸைதின் மகன் உஸாமா (ரலி) அவர்களுக்கு மணமுடிக்கச் சொன்னவர்கள் நாயகம் (ஸல்) அவர்களே அல்லவா? பையனின் குணத்தை விசாரியுங்கள், வருமானத்தை விசாரியுங்கள், வட்டிக் கடன் உண்டா என்று விசாரியுங்கள். பாகல்பூருக்கே ஒருமுறை போய்வாருங்கள். இவை தந்தையின் கடமை. இருக்கட்டும், பெண் என்ன சொல்கிறாள்?"

அவர் சற்றுநேரம் பேசாதிருந்தார். "அவளிடம் இன்னும் கேட்கவில்லை மச்சான்" என்றார் தணிந்த குரலில்.

கேட்கவேண்டிய ஒரே நபரைக் கேட்காமல், ஆயிரம் ஆண்டுக்கு முந்திய பாட்டனாரைக் கேட்டுக்கொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கிற்று. அன்றிரவே கேட்பதாகச் சொல்லிச் சென்றார். அவள் விடை எதுவாயினும் அது அவளுடையதாக இருக்கும்.

நம் ஜமாஅத்தின் நிக்காஹ் தஃப்தரை வாசகர்கள் பார்த்திருப்பீர்கள். மணமகன் பெயர், தந்தை பெயர். மணமகள் பெயர், தந்தை பெயர். வலி, சாட்சிகள், மஹர். அவ்வளவுதான். ஏழு தலைமுறை எழுத அதில் இடம் விடப்படவில்லை. அந்தத் தஃப்தர் கேட்காததை நாமும் கேட்காதிருக்க வல்ல இறைவன் நல்லருள் புரிவானாக!