கூரை மீண்ட ஆலயம்

பழம்பெரும் ஆலயங்களுக்கு வருவோர் இருவகையினர். கண்டு செல்வோர் ஒரு வகை. முழந்தாளிட்டுச் செல்வோர் மற்றொரு வகை. முன்னவர் கல்லின் அழகை வியப்பர். பின்னவர் அக்கல்லை அடுக்கியோரின் விசுவாசத்தோடு தம் விசுவாசத்தையும் சேர்த்துவிட்டுச் செல்வர். முன்னவர் மட்டுமே வரும் ஆலயம் எத்துணைப் புகழ் பெற்றதாயினும் காட்சிச்சாலையே. இவ்வுண்மையைக் கல்லிலும் மரத்திலும் எழுதிக் காட்டும் ஊர் ஒன்று அயர்லாந்து நாட்டில் உண்டு. தர்லஸ் என்பது அதன் பெயர்.

சில ஆண்டுகளுக்கு முன், விடுப்பில் சென்ற ஓர் ஐரிஷ் குருவுக்குப் பதிலாக அந்நாட்டில் ஒரு மாத காலம் பங்குப்பணி ஆற்றும் வாய்ப்பு அடியேனுக்குக் கிட்டியது. அப்போது இவ்வூரையும் இதனைச் சூழ்ந்துள்ள புனித இடங்களையும் கண்டேன். கண்டவற்றுள் சிலவற்றை நம் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

தர்லஸ் ஒரு சந்தை ஊர். டிப்பரெரி மாவட்டத்தில் சூர் ஆற்றின் கரையில் அமைந்தது. மக்கள்தொகை எண்ணாயிரத்தைச் சற்றே தாண்டும். சுற்றிலும் மாடுகள் மேயும் பசும்புல் வெளிகள். ஊரின் நடுவே, பழைய நாளில் சந்தை கூடிய அகன்ற சதுக்கம். அச்சதுக்கத்தில் உள்ள ஒரு தங்கும் விடுதியில்தான் 1884ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளில், அயர்லாந்தின் தேசிய விளையாட்டுகளைக் காக்கும் சங்கம் தோன்றியது. வளைந்த மட்டை கொண்டு பந்தடிக்கும் 'ஹர்லிங்' என்னும் ஆட்டம் அவற்றுள் முதன்மையானது. இச்சங்கத்தின் புரவலராக நின்று அதற்கு வாழ்வளித்தவர்களுள் ஒருவர் இவ்வூரின் பேராயர் தாமஸ் குரோக். அந்நிய ஆட்சியில் தம் மொழியையும் நிலத்தையும் இழந்துகொண்டிருந்த மக்களுக்குத் தன்மதிப்பைத் திருப்பித் தருவதும் மேய்ப்பனின் கடமையே என்று அவர் கருதினார். டப்ளின் மாநகரில் உள்ள நாட்டின் தலைசிறந்த விளையாட்டரங்கம் இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது.

சதுக்கத்திலிருந்து சிறிது தூரம் நடந்தால் விண்ணேற்பு அன்னை பேராலயம் கண்முன் தோன்றும். 1865இல் பேராயர் பாட்ரிக் லீஹி தொடங்கிய இப்பேராலயம், 1879இல் பேராயர் குரோக் கரங்களால் அருட்பொழிவு பெற்றது. இத்தாலி நாட்டுப் பீசா நகரப் பேராலயத்தை நினைவூட்டும் முகப்பு உடையது. உள்ளே பீடத்தின்மேல் விளங்கும் நற்கருணைப் பேழையோ இன்னும் பழமையானது. ஜாக்கோமோ தெல்லா போர்த்தா என்னும் சிற்பி உரோமை இயேசு ஆலயத்திற்காகச் செய்தது அது. பஞ்சத்தால் நலிந்து, பிள்ளைகளைக் கப்பலேற்றி அனுப்பிவிட்டு நின்ற ஏழை உழவர்கள், தங்கள் ஆண்டவர் தங்குவதற்கு இத்தகைய இல்லம் எழுப்பினர் என்பதை எண்ணும்போது உள்ளம் உருகுகின்றது.

இங்கே ஒரு கேள்வி எழலாம். இம்மறைமாவட்டத்தின் பெயர் காஷெல்-எம்லி. பெயரில் இல்லாத தர்லஸில் பேராலயம் இருப்பது ஏன்? அதன் விடை, தெற்கே சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் ஒரு பாறையின் உச்சியில் இருக்கின்றது.

காஷெல் பாறையைக் காண ஆண்டுதோறும் பெருந்திரளானோர் வருகின்றனர். மன்ஸ்டர் மன்னர்களின் கோட்டையாய் இருந்த அப்பாறை 1101இல் திருச்சபைக்குக் காணிக்கையாக்கப்பட்டது. அங்குள்ள கோர்மாக் சிற்றாலயம் 1134இல் அருட்பொழிவு பெற்றது. அதன் அருகே 13ஆம் நூற்றாண்டுப் பேராலயமும் அதற்கும் முற்பட்ட வட்டக் கோபுரமும் நிற்கின்றன. 16ஆம் நூற்றாண்டில் அரசன் திருத்தந்தையோடு முறித்துக்கொண்டபின் இப்பாறை ஆங்கிலத் திருச்சபையின் வசமாயிற்று. காஷெல் பேராயராகத் திருத்தந்தையால் நியமிக்கப்பட்ட டெர்மட் ஓஹர்லி சிறைப்பிடிக்கப்பட்டார். எண்ணெய் ஊற்றிய காலணிகளில் அவருடைய பாதங்களை இட்டு நெருப்பில் வாட்டினர். அவர் அசையவில்லை. 1584இல் டப்ளின் நகரில் தூக்கிலிடப்பட்டார். 1992இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அவரை முத்திப்பேறு பெற்றவர் நிலைக்கு உயர்த்தினார்.

அவருக்குப் பின் வந்த பேராயர்களும் மறைந்தும் ஒளிந்துமே தம் மந்தையை மேய்த்தனர். வயல்வெளிப் பாறைகளே திருப்பலிப் பீடங்களாயின. 18ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்கப் பேராயர்கள் தர்லஸில் குடியமர்ந்தனர். அந்நூற்றாண்டின் நடுவே, 1749இல், காஷெல் பாறைமேல் நின்ற பேராலயத்தின் கூரை அகற்றப்பட்டது. பகைவர் படை செய்ததன்று இது. அதனைத் தம் வசம் வைத்திருந்த சபையின் பேராயரே செய்தது. கூரை போனபின் மழை புகுந்தது. மழையின் பின் புல் முளைத்தது. இன்று சுவர்கள் வானத்தை நோக்கி நிற்கின்றன. காண்போர் தலையுயர்த்திப் பார்த்து வியந்து, படம் பிடித்துக்கொண்டு செல்கின்றனர். பேரழகுதான். ஆயினும் அங்கே நின்றபோது என் நெஞ்சில் எழுந்தது வியப்பன்று. ஓர் இல்லத்தார் அனைவரும் வெளியேறிவிட்ட வீட்டின் முற்றத்தில் நிற்பது போன்றதொரு வெறுமை.

இனி, தர்லஸிலிருந்து ஆற்றின் போக்கிலே சுமார் 6 கிலோமீட்டர் தெற்கே செல்வோம். அங்கே சூர் ஆற்றங்கரையில் ஹோலிகிராஸ், அதாவது 'திருச்சிலுவை' என்னும் பெயருடைய துறவுமடம் இருக்கின்றது. 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் மன்னன் டோனல் மோர் ஓபிரையன் சிஸ்டர்சியன் துறவிகளுக்கு அளித்தது அது. ஆண்டவர் அறையுண்ட சிலுவையின் துண்டு ஒன்று அங்குப் போற்றப்பட்டதால் இப்பெயர் வழங்கலாயிற்று. நாடெங்குமிருந்து திருப்பயணிகள் வந்தனர். அவர்கள் அளித்த காணிக்கையாலும் ஆர்மண்ட் பிரபுக்களான பட்லர் குடும்பத்தாரின் ஆதரவாலும் 15ஆம் நூற்றாண்டில் ஆலயம் புதுப்பொலிவு பெற்றது. குருக்கள் அமரும் கல்லிருக்கை, நுண்ணிய வேலைப்பாடு கொண்ட தூண்கள், கல்லில் செதுக்கிய சிறு ஆந்தை ஆகியவை அக்காலத்துக் கைவண்ணங்கள். கற்களில் ஆங்காங்கே கொத்தர்கள் தாம் செதுக்கியதற்கு அடையாளமாக இட்ட சிறு குறிகளையும் காணலாம். பெயர் தெரியாத அவ்வேலையாட்கள் நமக்கு விட்டுச் சென்ற கையொப்பம் அதுவே. சுவரில் வேட்டைக் காட்சி ஒன்றும் தீட்டப்பட்டுள்ளது. வேட்டைக்காரர் வருகின்றனர், மரத்தின் மறைவில் மான் நிற்கின்றது. பின்னர் வந்த துன்ப காலத்தில் அந்நாட்டுக் குருக்களின் நிலையும் அம்மானின் நிலையே அன்றோ!

மடங்கள் ஒடுக்கப்பட்டபின் துறவிகள் சிலர் நெடுங்காலம் அவ்விடத்தைப் பற்றிக்கொண்டு கிடந்தனர். இறுதியில் அவர்களும் மறைந்தனர். திருச்சிலுவைத் துண்டும் அங்கிருந்து அகன்றது. இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக அந்த ஆலயம் கூரையின்றிப் பாழ்பட்டுக் கிடந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அரசு அதனைத் தேசிய நினைவுச் சின்னமாக ஏற்றுக் காவல் செய்தது. கற்கள் தப்பின, ஆனால் அங்கு வழிபாடு இல்லை. நினைவுச் சின்னத்தில் வழிபாடு நடத்தச் சட்டம் இடம் தரவில்லை.

மக்கள் அதனோடு அமைதி அடைந்துவிடவில்லை. அவர்களுடைய விருப்பத்திற்கு இணங்கி அயர்லாந்துப் பாராளுமன்றம் 1969இல் இந்த ஒரே ஆலயத்திற்கென்று தனிச்சட்டம் இயற்றியது. நினைவுச் சின்னம் மீண்டும் வழிபாட்டு இல்லமாகலாம் என்று அச்சட்டம் அனுமதித்தது. பேராயர் தாமஸ் மோரிஸ் தலைமையில் பணி தொடங்கியது. தச்சரும் கொத்தரும் பழைய சுவர்களின்மேல் புதிய கருவாலி மரக் கூரையை எழுப்பினர். 1975ஆம் ஆண்டு, திருச்சபையின் யூபிலி ஆண்டில், ஆலயம் பங்கு ஆலயமாகத் திறக்கப்பட்டது. உரோமையிலிருந்து திருச்சிலுவைத் துண்டு ஒன்றும் வழங்கப்பட்டது. பாழான எத்தனையோ மடங்களைக் கொண்ட அந்நாட்டில் இவ்வாறு உயிர்பெற்று எழுந்தவை மிகச் சில.

நான் அங்குச் சென்ற நாளில், திருப்பலி முடிந்து தனியே அமர்ந்திருந்த முதியவர் ஒருவருடன் உரையாட நேர்ந்தது. "தந்தையே, சிறுவனாக இருந்தபோது என் பாட்டனாரை இச்சுவர்களுக்கு உள்ளேதான் அடக்கம் செய்தோம். அன்று மழை. ஆலயத்தின் உள்ளே நின்றும் பெட்டியின்மேல் மழை விழுந்தது. பின்னர் கூரை வந்தது. என் திருமணம் இங்கேதான் நடந்தது, என் பிள்ளைகள் ஞானஸ்நானம் பெற்றதும் இங்கேதான்" என்றார். சற்று நேரம் மௌனமாக இருந்தார். பிறகு, "என் பேரப்பிள்ளைகள் கிறிஸ்மசுக்கு வருகிறார்கள். மற்ற நாள்களில் வருவதில்லை. சுவரை அரசு காத்தது. கூரையை நாங்கள் போட்டோம். இனி உள்ளே வருவது யார்?" என்றார். அக்கேள்விக்கு உடனே விடை சொல்ல என்னால் இயலவில்லை.

அவர் கேட்டது ஒரு குடும்பத்தைப் பற்றிய கேள்வி மட்டுமன்று. 1970களில் அயர்லாந்துக் கத்தோலிக்கரில் பத்துப் பேருக்கு ஒன்பது பேர் ஞாயிறுதோறும் திருப்பலி கண்டனர். இன்று அந்நிலை இல்லை. 2022ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் தம்மைக் கத்தோலிக்கர் என்று கூறியோரே நூற்றுக்கு 69 பேர்தாம். அதற்குச் செல்வப் பெருக்கு மட்டும் காரணமன்று. திருச்சபையின் நிறுவனங்களில் சிறாருக்கு இழைக்கப்பட்ட கொடுமைகளையும், அவற்றைப் பொறுப்பிலிருந்தோர் மூடி மறைத்ததையும் 2009இல் வெளியான விசாரணை அறிக்கைகள் உலகறியச் செய்தன. அந்நிய அரசின் சிறைகளும் தூக்குமரமும் அழிக்க இயலாத விசுவாசத்தை இக்காயம் உள்ளிருந்தே அரித்தது. இதனை மறைத்துப் பேசுவது உண்மைக்கு இழைக்கும் குற்றமாகும்.

தர்லஸில் 1837இல் திறக்கப்பட்ட புனித பத்ரீசியார் குருமடம், உலகின் பல திசைகளுக்கும் குருக்களை அனுப்பியது. 2002இல் அங்குக் குருப்பயிற்சி நின்றது. இன்று அக்கட்டடத்தில் ஆசிரியர்கள் பயிற்சி பெறுகின்றனர். அயர்லாந்து நமக்கு அந்நியமான நாடன்று. 1834இல் சென்னைக்கு ஆயராக நியமிக்கப்பட்ட டேனியல் ஓகானர் ஐரிஷ்காரர். 1842இல் பிரசன்டேஷன் சபைக் கன்னியரும், 1875இல் பத்ரீசியன் சகோதரர்களும் அந்நாட்டிலிருந்தே வந்து நம் பிள்ளைகளுக்குக் கல்விக்கூடம் திறந்தனர். திரும்பிச் செல்வோம் என்ற உறுதியின்றிக் கடல் கடந்தவர்கள் அவர்கள். இன்று இந்தியக் குருக்கள் அந்நாட்டுப் பங்குகளில் பணியாற்றுகின்றனர் என்றால், அது கொடை அன்று. பட்ட கடனைத் திருப்பித் தருதலே.

2011ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் ஹோலிகிராஸ் ஆலயத்துக்குள் கள்வர் புகுந்து திருச்சிலுவைத் திருப்பண்டத்தைக் கவர்ந்து சென்றனர். மக்கள் செபித்தனர், காவல்துறையினர் தேடினர். மூன்று திங்களுக்குப் பின், 2012 சனவரியில், அது மீட்கப்பட்டது. கவர்ந்து செல்லப்பட்ட திருப்பண்டம் திரும்பி வந்தது. ஆனால் ஓசையின்றி வெளியேறும் விசுவாசத்தைத் தேடிப் பிடிக்கக் காவல்துறை எங்கே உண்டு? அத்தேடல் குடும்பத்தாரின் கடமை, மேய்ப்பர்களின் கடமை.

அந்த ஆலயத்தின் அருகே ஆற்றைக் கடக்கும் பாலம் ஒன்று உள்ளது. 1626இல் பட்லர் குலப் பிரபு ஒருவரும் அவர் மனைவியும் அதனைப் புதுப்பித்தனர். அவர்கள் பதித்த இலத்தீன் கல்வெட்டு வழிப்போக்கரிடம் புகழ்ச்சியை வேண்டவில்லை. இதனைக் கட்டிய இருவருடைய ஆன்மாக்களும் தப்பிப் பிழைக்க ஒரு சிறு செபம் சொல்லிவிட்டுப் போகுமாறு மன்றாடுகின்றது. நம் முன்னோர் விட்டுச் சென்ற ஒவ்வொரு கட்டடமும் நம்மிடம் வேண்டுவது அதுவே. என்னைப் பார்த்து வியந்துவிட்டுப் போகாதே. செபித்துவிட்டுப் போ என்கின்றது.

அன்பார்ந்த குடும்பத்தாரே, நம் பங்குகளிலும் பாட்டன்மார் சுண்ணாம்பு அரைத்துக் கட்டிய ஆலயங்கள் உள்ளன. சிலவற்றை இடித்துவிட்டுப் பெரிதாகக் கட்ட அவசரப்படுகின்றோம். இடிக்குமுன் ஒருமுறை நின்று எண்ணுவோம். அதனினும் மேலாக, காப்பாற்றிய ஆலயத்துக்குள் அடுத்த தலைமுறை வருமா என்றும் எண்ணுவோம். அதற்கான வேலை ஆலயத்தில் தொடங்குவதன்று. மாலையில் விளக்கேற்றிப் பெற்றோரும் பிள்ளைகளும் ஒன்றாக முழந்தாளிட்டுச் செபமாலை சொல்லும் இல்லத்தில்தான் அது தொடங்குகின்றது. தம் முன்னோரின் நம்பிக்கையைப் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லுங்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளுக்குக் கோபமின்றி விடை சொல்லுங்கள். திருச்சபையின் குறையைக் கேட்டால் மறைக்காதீர்கள். அதன் நிறைவை உங்கள் வாழ்வில் காட்டுங்கள். கல்லுக்குக் கூரை போட அயர்லாந்து மக்களுக்கு ஒரு சட்டம் தேவைப்பட்டது. நம் இல்லத்துச் செபத்துக்கு எந்தச் சட்டமும் தடையில்லை. இன்றிரவே தொடங்கலாம்.