வலிக்குச் சூடு வைக்கும் ஊசி

ரேடியோ என்றதும் பாட்டுதான் நினைவுக்கு வரும். அதே ரேடியோ அலைவரிசையில் முதுகுவலிக்கு வைத்தியம் நடக்கிறது என்றால் நம்புவீர்களா? அதற்குப் பெயர் ரேடியோ ஃப்ரீக்வென்சி அப்லேஷன். சுருக்கமாகச் சொன்னால், வலியைச் சுமந்து செல்லும் நரம்புக்குச் சூடு வைப்பது!

கருவி எளிமையானதுதான். ஒரு ஜெனரேட்டர் பெட்டி, நுனியைத் தவிர மற்ற இடமெல்லாம் மின்காப்பு உறை போட்ட நீண்ட ஊசி, அதற்குள் நுழையும் எலக்ட்ரோடு, தொடையில் ஒட்ட ஒரு பேட். வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை திசை மாறி மாறி ஓடுகிறது. இந்தப் பெட்டியின் மின்சாரமோ சுமார் 5 லட்சம் முறை! அந்த வேகத்தில் ஷாக் அடிக்காது. ஆனால் ஊசிமுனையைச் சுற்றியுள்ள திசுவில் அயனிகள் முன்னும் பின்னும் ஆடி, உராய்ந்து, சூடு பிறக்கிறது. அதாவது ஊசி சதையைச் சுடவில்லை. சதை சூடாகி, அந்தச் சூடுதான் ஊசிக்கு வருகிறது! சுமார் 80 டிகிரி செல்சியஸ், ஒன்றரை நிமிடம். நரம்பு வெந்துவிடும்.

எந்த நரம்பு? விஷயமே இங்கேதான். முதுகெலும்புகளைப் பின்பக்கம் இணைக்கும் சின்ன மூட்டுகளுக்கு ஃபேசட் மூட்டு என்று பெயர். அவை தேய்ந்தால் வலிச்செய்தியை எடுத்துச் செல்வது நூல் போன்ற நரம்புக் கிளைகள். 1970களில் ஷீலி என்ற அமெரிக்க மருத்துவர் இவற்றுக்குச் சூடு வைக்கத் தொடங்கினார். 1979ல் போக்டக், லாங் இருவரும் உடற்கூறை ஆராய்ந்து, அன்று ஊசி வைத்த இடத்தில் அந்த நரம்பே இல்லை என்று காட்டினார்கள்! பிறகு 1987ல் இன்னொன்றும் தெரிந்தது. சூடு ஊசியின் பக்கவாட்டில்தான் பரவும், நுனிக்கு முன்னால் அதிகம் போகாது. அதனால் நரம்பைக் குத்துவதுபோல் வைக்காமல், அதன் ஓரமாகப் படுக்கவைக்க வேண்டும்.

ஆகவே முதலில் மரப்பு ஊசி போட்டுச் சோதிப்பார்கள். அதில் வலி குறைந்தால்தான் அடுத்த கட்டம். பிறகு எக்ஸ்ரே திரையைப் பார்த்து ஊசியை வைத்து, சிறு மின்சாரம் கொடுப்பார்கள். கால் துடித்தால் ஊசி தவறான நரம்புக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

இத்தனைக்குப் பிறகும் நரம்பு மீண்டும் வளரும். பலருக்கு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் வலி திரும்பிவிடும். 2017ல் வெளியான, நெதர்லாந்தில் 681 பேரிடம் நடந்த மூன்று ஆய்வுகளில், உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கும், அதோடு இந்தச் சிகிச்சையும் பெற்றவர்களுக்கும் மூன்று மாதம் கழித்துச் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. நோயாளிகளைத் தேர்ந்தெடுத்த முறை சரியில்லை என்று மற்ற மருத்துவர்கள் மறுத்தார்கள். யாருக்குச் செய்கிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது என்பது அந்தச் சண்டையிலேயே தெரிகிறது.

தபால்காரரை நிறுத்திவிட்டால் கடிதம் எழுதுபவர் எழுதுவதை நிறுத்திவிடுவாரா? மூட்டுத் தேய்மானம் அப்படியேதான் இருக்கும். கிடைப்பது கொஞ்ச கால அவகாசம். வலிக்குப் பயந்து படுத்திருந்தவர் எழுந்து நடக்க, முதுகுத் தசையைப் பலப்படுத்த அது போதும். அந்த மாதங்களையும் படுத்தே கழித்தால் ஊசிக்குக் கொடுத்த பணம் வீண்தான்.

எனவே "நிரந்தரத் தீர்வு" என்று யாராவது சொன்னால் இரண்டே கேள்விகள் கேளுங்கள்: முதலில் மரப்பு ஊசி போட்டுப் பார்ப்பீர்களா? வலி குறைந்த பிறகு என்ன பயிற்சி?