எல்லைக்கு அப்பால் ஒரு தகப்பன்

சிவகாசிப் பட்டாசுக்கு ராஜ்ய எல்லைகள் ஒரு பொருட்டல்ல. லாரி ஏறிவிட்டால் தேசத்தின் மூலை முடுக்கெல்லாம் போய்ச் சேர்ந்துவிடும். சரக்கைப் போலவே எங்கள் பக்கத்து ஆண்களில் பலரும் பிழைப்பைத் தேடி வெளி ராஜ்யங்களுக்குப் போகிறார்கள். பெரும்பாலோர் மாதந்தோறும் பணம் அனுப்புகிறார்கள். ஒரு சிலர் மட்டும் அனுப்புவதை நிறுத்திவிட்டு, விலாசத்தையும் மாற்றிக்கொண்டு விடுகிறார்கள்.

என் அடுத்த வீட்டுப் பெண்மணியின் கணவன் இந்த இரண்டாவது ரகம். அவளோ பட்டாசு ஆலையில் கூலி வேலை செய்து இரண்டு குழந்தைகளைக் காப்பாற்றி வருகிறாள். “புனாவிலே போய்த்தான் கேஸ் போடணும் என்கிறார்களே, அண்ணாச்சி! ஒரு நாள் வேலை போனாலே எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. அந்த ஊர்க் கோர்ட்டிலே நான் எந்தப் பாஷையில் அழுவேன்?” என்று என்னிடம் கேட்டாள்.

வக்கீல் நண்பர் ஒருவரிடம் விசாரித்தேன். அவளைப் பயமுறுத்தியவர்கள் சொன்னது சரியல்லவென்று தெரிந்தது. ஜீவனாம்சத்துக்கு மனைவி வசிக்கும் ஊரிலேயே மனுச் செய்யலாம். 1973-ம் வருஷத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருந்த இந்த உரிமை, 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த புதிய சட்டத்திலும் இருக்கிறது. மாதம் 500 ரூபாய்க்கு மேல் கிடையாது என்ற பழைய வரம்பு 2001-லேயே ஒழிந்தது. மனுச் செய்த தேதியிலிருந்தே ஜீவனாம்சம் கணக்கிட வேண்டுமென்று சுப்ரீம் கோர்ட்டு 2020-ல் தீர்ப்பளித்தது. கணவன் எந்த ஊரில் இருந்தாலும் அந்த ஊர் மாஜிஸ்டிரேட்டே உத்தரவை நிறைவேற்றலாம். பாக்கி விழுந்தால் மட்டும், அது விழுந்த ஒரு வருஷத்துக்குள் வாரண்டு கேட்டுவிட வேண்டும். வக்கீல் செலவுக்குத் தயங்க வேண்டியதில்லை. 1987-ம் வருஷத்துச் சட்டப்படி பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. அவளும் சிவகாசியிலேயே மனுச் செய்தாள். அன்று அரை நாள் கூலிதான் நஷ்டம்.

“பணம் கேட்டால் பையனைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன்” என்று கணவன் டெலிபோனில் மிரட்டினானாம். அதற்கும் வழியுண்டு. 1890-ம் வருஷத்துக் கார்டியன் சட்டப்படி, குழந்தை வழக்கமாக எங்கே வசிக்கிறதோ அந்தப் பகுதிக் கோர்ட்டுதான் அதன் பாதுகாப்பைப் பற்றி விசாரிக்க வேண்டும். தகப்பன் வேறு ராஜ்யத்தில் வழக்குத் தொடர்ந்தால், அதை இங்கே மாற்றித் தரும்படி சுப்ரீம் கோர்ட்டைக் கேட்கலாம். எந்தக் கோர்ட்டானாலும் தாயின் பிடிவாதத்தையோ தகப்பனின் உரிமையையோ விட, குழந்தையின் நலனையே பெரிதாகக் கருத வேண்டும்.

இதில் தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை உண்டு. பார்க்க விடவில்லை என்று பணத்தை நிறுத்துவது எவ்வளவு அநியாயமோ, பணம் வரவில்லை என்று தகப்பனைப் பார்க்க விடாமல் தடுப்பதும் அவ்வளவு அநியாயம். முன்னதில் குழந்தையின் வயிறு காய்கிறது. பின்னதில் மனது காய்கிறது.

நேயர்களின் தெருவிலும் இப்படி ஒரு குடும்பம் இருக்கக்கூடும். அந்தத் தாயிடம் அனுதாபம் காட்டுவதோடு நின்றுவிடாமல், உள்ளூர்க் கோர்ட்டுக்குப் போகும் வழியையும் சொல்லி அனுப்புங்கள்.