டேஷ்போர்டில் ஒரு ஓட்டை

பதினைந்து வருஷத்துக்கு மேல் ஓடிய காரில் முதலில் கிழடு தட்டுவது எஞ்சின் என்று நினைப்போம். நேரத்துக்கு ஆயில் மாற்றினால் அது தன் பாட்டுக்கு உழைத்துக்கொண்டிருக்கும். டயரும் பேட்டரியும் கிளட்சும் தேயும். காசைக் கொடுத்தால் அதே அளவில் புதிது கிடைக்கும். பாட்டுப் பெட்டியின் கதை வேறு. என் காரில் கம்பெனியிலிருந்தே பொருத்தி வந்த செட் ஒருநாளும் கெட்டுப்போகவில்லை. சிடி ஓடும், எஃப்எம் பாடும், ஓரத்தில் ஆக்ஸ் என்று ஒரு சின்னத் துளையும் உண்டு. ஆனால் சிடி விற்ற கடை இப்போது செல்போன் உறை விற்கிறது. ஆக்ஸ் ஒயரின் மறுமுனையைச் செருகும் துளையைப் பல போன்களிலிருந்தே எடுத்துவிட்டார்கள். செட் அங்கேயே உட்கார்ந்திருக்க, அதற்குத் தீனி போட்டவர்கள் எல்லாம் வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள்.

நடுவே ஒரு பொற்காலம் இருந்தது, எம்பி3 சிடி காலம். 700 எம்பி கொள்ளும் ஒரு வட்டில் நூற்றைம்பது பாட்டு. பட்டியல் எழுதிக்கொண்டு ரெக்கார்டிங் சென்டருக்குப் போய், அறுபது நிமிஷ கேசட்டில் பக்கத்துக்கு ஆறேழு பாட்டு என்று கணக்குப் போட்டுப் பழகிய எங்கள் தலைமுறைக்கு அது லாட்டரி விழுந்த மாதிரி. எந்தப் பாட்டு எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. திரையில் ஒரு எண் மட்டும் தெரியும். அதனால் யாரும் தேடவும் மாட்டார்கள். வந்ததைக் கேட்டுக்கொண்டே விழுப்புரம் தாண்டிவிடுவோம்.

போனில் இருக்கும் பாட்டைக் காரில் கேட்க மலிவான குறுக்குவழியும் இருக்கிறது. சிகரெட் லைட்டர் துளையில் செருகும் குட்டி எஃப்எம் டிரான்ஸ்மிட்டர். நெடுஞ்சாலையில் ஒழுங்காகப் பாடும். சென்னைக்குள் காலியான அலைவரிசையைக் கண்டுபிடிப்பதற்குள் உயிர் போய்விடும். சிக்னலில் நிற்கும்போது நம் பாட்டுக்கு நடுவே யாரோ தங்க நகை விளம்பரம் வாசிப்பார்கள். கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, செட்டையே மாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன்.

சென்னையில் அதற்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பி வேகத்தைக் குறைத்தால் போதும், "சீட் கவரா சார்? மேட்டா? ஹாரனா?" என்று பையன்கள் கண்ணாடியோரம் வந்துவிடுவார்கள். நான் போன கடையில் செட் மாட்டுகிறவர் அறுபதை நெருங்கிய ஒரு பாய்.

"ஆண்ட்ராய்டு போட்டுருங்க சார். ஒம்போது இஞ்சு. யூடியூப் வரும், மேப்பு வரும், ரிவர்ஸ் கேமரா மாட்டிக்கலாம்."

"வண்டி ஓட்டறப்ப யூடியூப் எதுக்கு பாய்?"

"நீங்க பாக்க வேணாம் சார். எல்லாரும் அதான் போடறாங்க."

என் மகனும் அவர் கட்சி. நான் திருகு வைத்த செட் கேட்டேன். புளூடூத், யுஎஸ்பி, எஃப்எம், சத்தத்தைக் கூட்டக் குறைக்கக் கையில் அகப்படுகிற மாதிரி ஒரு வட்டத் திருகு. பாய் ஸ்டூல் போட்டு ஏறி மேல் தட்டிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துத் தூசி ஊதினார். "இத இப்ப டாக்ஸிக்காரங்கதான் சார் கேக்கறாங்க" என்றார். நாள் முழுக்க வண்டியில் உட்கார்ந்திருக்கிறவர்கள் கேட்கும் பொருள் என்பதைவிடப் பெரிய சிபாரிசு எனக்குத் தேவைப்படவில்லை.

கம்பெனி செட்டின் முகம் டேஷ்போர்டோடு டேஷ்போர்டாக வளைந்து, ஏசி ஜன்னல்களை அணைத்தபடி வார்க்கப்பட்டிருந்தது. பார்த்தால் பிரிக்கவே முடியாது என்று தோன்றும். பாய் பிளாஸ்டிக் நெம்புகோலை ஓரத்தில் விட்டு இரண்டு இழுப்பு இழுத்தார். கிளிப்புகள் படபடவென்று விட்டுக்கொடுத்தன. நாலு ஸ்க்ரூ. செட் கையோடு வந்துவிட்டது. பின்னால் வெறும் நீள்சதுர ஓட்டை. அந்த அலங்கார முகத்துக்குப் பின்னால் இருந்தது 180 மில்லிமீட்டர் அகலம், 100 மில்லிமீட்டர் உயரம். உலகம் முழுக்க எல்லோருக்கும் தெரிந்த அளவு.

இந்த ஓட்டைக்கு ஊர் ஜெர்மனி. அந்த நாட்டுத் தரநிர்ணய நிறுவனமான டின், கார் ரேடியோவுக்கு 180க்கு 50 மில்லிமீட்டர் என்று முகத்தின் அளவை வரையறுத்தது. 1984இல் அதுவே ஐஎஸ்ஓ 7736 என்ற சர்வதேசத் தரமானது. ஒரு மடங்கு உயரம் என்றால் சிங்கிள் டின், இரு மடங்கு என்றால் டபுள் டின். அதற்கு முன்னால் ஆளுக்கு ஒரு அளவு. 1932இல் ஜெர்மனியில் வந்த புளாபுங்க்ட் ஆட்டோசூப்பர் பதினைந்து கிலோ எடை. பெட்டியை வண்டிக்குள் எங்கேயோ வைத்துவிட்டு ஸ்டியரிங் தண்டிலிருந்து அதை இயக்கினார்கள். நம் ஊரில் செட்டை டேஷ்போர்டுக்குக் கீழே முழங்கால் இடிக்கும்படி தொங்கவிட்ட அம்பாசடர்களை நானே பார்த்திருக்கிறேன். அந்தக் கூத்தையெல்லாம் முடித்துவைத்தது இந்த நீள்சதுரம். யார் செய்த காராக இருந்தாலும் யார் செய்த செட்டும் நுழையும். வாங்கியவன் இஷ்டம்.

செட்டின் முகத்தை வண்டியின் வளைவோடு சேர்க்க ஒரு பிளாஸ்டிக் ஃப்ரேம், சிங்கிள் டின் செட்டுக்குக் கீழே மிஞ்சும் இடத்துக்கு ஒரு சின்னப் பெட்டி, இரண்டும் கடையிலேயே கிடைத்தன. டோல் சில்லறை போட அந்தப் பெட்டி சௌகரியமாக இருந்திருக்கும். அதற்குள் ஃபாஸ்டேக் வந்துவிட்டது.

ஒயரில்தான் மாட்டுகிறவரின் தரம் தெரியும். வெளியிலிருந்து வாங்கும் செட்டுகளில் நிறங்கள் பெரும்பாலும் ஒன்றுபோல இருக்கும். மஞ்சள் ஒயருக்கு எப்போதும் கரண்ட் வரும். கடிகாரத்தையும் நாம் பதிந்துவைத்த ஸ்டேஷன்களையும் நினைவில் வைத்திருக்க. சிவப்புக்கு சாவி திருப்பினால் மட்டும். கறுப்பு எர்த். சில கடைகளில் மஞ்சளையும் சிவப்பையும் முறுக்கி ஒன்றாக்கிவிடுவார்கள், சாவி இல்லாமலே பாட்டுக் கேட்கலாம் என்று பெருமையாகச் சொல்லியும் அனுப்புவார்கள். செட்டை அணைக்க மறந்தால் மறுநாள் காலை வண்டியைத் தள்ள ஆள் தேடவேண்டும். இரண்டையும் நேர் எதிராக மாற்றிக் கொடுத்தால் இன்னொரு வேடிக்கை: ஒவ்வொரு தடவை சாவியை எடுக்கும்போதும் செட் எல்லாவற்றையும் மறந்துவிட்டுப் பிறந்த குழந்தையாக எழுந்திருக்கும். பாய் டெஸ்ட் லேம்ப்பை வைத்துச் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கை வைத்தார்.

நான் ஒன்றே ஒன்று சொன்னேன். "கப்ளரை வெட்டாதீங்க பாய்." வண்டியோடு வந்த கப்ளரை வெட்டி, ஒயரைப் பல்லால் உரித்து, முறுக்கி, கறுப்பு டேப் சுற்றுவது நம் ஊரில் காலங்காலமாக நடப்பது. கோடை வெயிலில் அந்த டேப்பின் பசை உருகி வழுக்கும். எங்கேயோ ஒரு ஒயர் நழுவி எர்த்தில் படும். வண்டியின் கப்ளருக்கும் புது செட்டுக்கும் நடுவே செருக வண்டிக்கு வண்டி தனி ஒயர் விற்கிறது. விலையும் அதிகமில்லை. அதை வாங்கினால் வெட்டவே வேண்டாம், என்றைக்காவது பழைய செட்டை அப்படியே திருப்பி மாட்டலாம். பாய்க்கு இதில் கொஞ்சம் வருத்தம். வெட்டி ஒட்டுவதுதான் வேலை, செருகுவது வேலையா என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

பழைய வண்டிகளில் இன்னொரு கண்ணி உண்டு. ஸ்பீக்கரின் ஒரு முனையை வண்டியின் உடம்போடு எர்த் செய்து, ஒரே ஒயரை மட்டும் செட்டுக்கு இழுத்த காலம் ஒன்று இருந்தது. இன்றைய செட்டுகளில் ஸ்பீக்கரின் இரண்டு முனைகளையும் ஆம்ப்ளிஃபையர்தான் தள்ளி இழுக்கிறது. எர்த்தில் எந்த முனை பட்டாலும் உள்ளே இருக்கும் ஐசிக்கு ஆபத்து. அந்தக் காலத்து ஃபியட்டை ஆசையாகப் பராமரிக்கிறவர்கள் செட் வாங்கும் முன் ஸ்பீக்கருக்குப் புது ஒயர் இழுத்துவிடுவது நல்லது.

அட்டைப்பெட்டியில் "50 வாட் × 4" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. மகன் அதைப் பார்த்து மயங்கினான். கணக்குப் போட்டுக் காட்டினேன். எஞ்சின் ஓடும்போது வண்டியில் ஏறத்தாழ 14.4 வோல்ட், ஸ்பீக்கர் 4 ஓம். 14.4ஐ 14.4ஆல் பெருக்கி நாலால் வகுத்தால் 52 வாட் வருகிறது. விளம்பரத்தின் ஐம்பது இங்கிருந்து வந்ததுதான். பாட்டின் அலை மேலும் கீழும் வெட்டுப்பட்டுச் சதுரமாகிக் கரகரவென்று கத்தும்போதுதான் அந்த அளவு எட்டும். சுத்தமான அலைக்கு அதில் பாதி, 26. ஐசி தனக்கென்று பிடித்துக்கொள்வது போக இருபது சொச்சம். சின்னக் காருக்குள் இருபது வாட் ஏராளம். நாலு பேர் பேச்சை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்க்க அது போதும்.

சத்தத்தின் அழகு உண்மையில் செட்டில் இல்லை, கதவில் இருக்கிறது. என் வண்டியின் முன்கதவு ஸ்பீக்கர்களைக் கழற்றியபோது கூம்பின் விளிம்பு வெடித்திருந்தது. இத்தனை வருஷ வெயிலும் மழைக்காலத்து ஈரமும் அதைத் தின்றிருந்தன. அதையும் மாற்றி, கதவுத் தகடு அதிராமலிருக்க உள்ளே கறுப்பு ஷீட்டை ஒட்டச் சொன்னேன். செலவைப் பிரித்துச் சொல்வதானால், இதற்குக் கொடுத்த ஒவ்வொரு ரூபாயும் காதில் விழுந்தது. பின் கண்ணாடிக்கு அடியில் பெரிய ஓவல் ஸ்பீக்கர் வைத்தே தீரவேண்டும் என்ற நம் ஊர் வழக்கம் எனக்குப் புரிந்ததில்லை. கச்சேரிக்குப் போனால் மேடைக்கு முதுகைக் காட்டியா உட்காருகிறோம்?

எல்லாம் மாட்டி முடித்து எஃப்எம்மைத் திருப்பினால் ஒரே இரைச்சல். பழைய செட்டில் தெளிவாகக் கேட்ட ஸ்டேஷன்கூடத் தூரத்து மழைபோலத் தேய்ந்தது. கூரை மேலிருக்கும் குட்டை ஏரியலின் அடியில் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையர் இருக்கிறது. அதற்கு 12 வோல்ட் போவது நீல ஒயர் வழியாக. அந்த ஒயர் எங்கும் சேராமல் தொங்கிக்கொண்டிருந்தது. சேர்த்ததும் எல்லாம் சரி. எஃப்எம்முக்கு இவ்வளவு மெனக்கெடுவதா என்று மகன் கேட்டான். இந்தியாவில் எஃப்எம் முதன்முதலில் ஒலித்த ஊர் இது, 1977 ஜூலை 23 அன்று. அந்த மரியாதையாவது வேண்டாமா? தவிர, தெற்கே போகும்போது சென்னை ஸ்டேஷன்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்து, திண்டுக்கல் பக்கம் கோடை பண்பலை 100.5 கணீரென்று பிடிக்கும் இடம் வரும். எஃப்எம் அலை நேர்கோட்டில் போவது. மலை உச்சியில் டவர் இருந்தால் சமவெளி முழுக்க அதற்குத் தெரியும். அந்த ஸ்டேஷன் பிடித்துவிட்டால் ஊர் வந்துவிட்டது என்று எங்கள் வீட்டில் கணக்கு.

திருகு விஷயத்தில் நான் பிடிவாதக்காரன் என்று சொல்லிக்கொள்ளட்டும். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் கண் ரோட்டில் இருக்க, கை தானாகப் போய்ப் பாட்டைத் தணிக்கும். வழவழப்பான கண்ணாடியில் விரலுக்கு எது எங்கே என்று தெரியாது, கண்ணும் கூடப் போகவேண்டும். இது என் கிழட்டுக் குறை மட்டுமல்ல. ஐரோப்பாவில் கார்களுக்குப் பாதுகாப்பு நட்சத்திரம் கொடுக்கும் யூரோ என்கேப் 2026இலிருந்து இண்டிகேட்டர், வைப்பர், ஹாரன் போன்றவற்றுக்குத் தொட்டறியும் பொத்தான் இருப்பதற்கும் மதிப்பெண் வைத்திருக்கிறது. பாட்டுச் செட் அந்தப் பட்டியலில் இல்லை. என் பட்டியலில் உண்டு.

சில மாதம் கழித்து என் நண்பரை அதே கடைக்கு அழைத்துப்போனேன். அவருடையது புது வண்டி. டேஷ்போர்டின் நடுவே டேப்லெட் ஒன்று எழுந்து நிற்கும். அதன் சத்தம் அவருக்குப் பிடிக்கவில்லை, என் வண்டியில் வந்து கேட்டுவிட்டு மாற்றவேண்டும் என்று ஆசைப்பட்டார். பாய் உள்ளே எட்டிப் பார்த்தார். திரையில் விரலை வைத்துத் தள்ளினார். ஏசி அதற்குள், பின்பக்கக் கேமரா அதற்குள், லைட் எத்தனை நொடி எரியவேண்டும் என்பது அதற்குள்.

"இது செட்டு இல்ல சார், வண்டியோட மூளை. நான் தொடமாட்டேன். உங்க வாரண்டியும் போயிரும். கம்பெனிக்கே போங்க."

"பின்னாடி அந்த ஓட்டை இருக்குமா பாய்?" என்று கேட்டேன்.

"ஓட்டையெல்லாம் உங்க வண்டியோட சரி சார்."

நண்பர் வந்ததற்கு ஒரு ஸ்டியரிங் கவரும் ஒரு சென்ட் பாட்டிலும் வாங்கிக்கொண்டார். சென்ட் பாட்டிலில் பாய் பத்து ரூபாய் குறைத்தார்.