எண்ணிக்கை

நைனா ஆம்பூரில் ஒரு டேனரியில் சதை சீவினார். சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து வந்த தோலை மரக்கட்டைமேல் போட்டு, இரண்டு பக்கமும் பிடியுள்ள கத்தியால் உட்புறச் சதையை வழித்தெடுக்கும் வேலை. உருப்படிக் கூலி. அன்றன்று சீவிய தோல்களின் எண்ணிக்கையைச் சின்ன நோட்டு ஒன்றில் எழுதிவைப்பார். அதே நோட்டின் பின்பக்கங்களில், ரஞ்சி ஆட்டங்களில் வெங்கட்ராகவனும் வி.வி. குமாரும் எடுத்த விக்கெட்டுகள்.

1973-இல் சேப்பாக்கத்தில் இறுதி ஆட்டம். தமிழ்நாட்டுப் பந்துவீச்சு பம்பாயை 151-லும் 113-லும் சுருட்டியது. பந்து போடுகிறவர்களிடம் இதற்குமேல் எதைக் கேட்பது? தமிழ்நாடு எடுத்தது 80, பிறகு 61. பம்பாயின் பத்மாகர் ஷிவால்கருக்கு மட்டும் 34 ரன்களுக்கு 13 விக்கெட். மூன்றாம் நாள் தொடங்கியதுமே எல்லாம் முடிந்துவிட்டது. டிரான்சிஸ்டரை அணைத்துவிட்டு நைனா நோட்டை எடுத்தார்.

“தோத்தப்புறம் இன்னா கணக்கு நைனா?” என்றேன். எனக்குப் பன்னிரண்டு வயது. அவர் பதில் சொல்லவில்லை.

சென்னை மாகாணம் ரஞ்சிக் கோப்பையை முதலில் வென்றது 1955-இல். குமார் அணிக்கு வந்தது அதற்கடுத்த பருவத்தில். அடுத்த கோப்பை 1988-இல். இடைப்பட்ட 33 வருஷங்களுக்குள்ளேயே குமார் வந்து போய்விட்டார், நானூறுக்கு மேற்பட்ட ரஞ்சி விக்கெட்டுகளுடன். வெங்கட்ராகவனும் அப்படியே, 530 விக்கெட்டுகளுடன். இருவர் கையிலும் கோப்பை இல்லை. கோப்பை வந்த மறு பருவத்தில் டபிள்யூ.வி. ராமன் 1018 ரன் குவித்தார். ஒரே ரஞ்சிப் பருவத்தில் அதுவரை யாரும் அவ்வளவு எடுத்ததில்லை. கோப்பை டில்லிக்குப் போயிற்று.

எண்கள் பொய் என்று சொல்ல இதை நான் பல வருஷம் உதாரணமாக வைத்துக்கொண்டிருந்தேன். எத்தனை தொகுதி போட்டிருக்கிறோம் என்று எண்ணிக்கொண்டிருந்த எழுத்தாள நண்பர்களிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இப்போது அவ்வளவு சுலபமாகத் தோன்றவில்லை. விக்கெட் எதிராளியின் ரன்னை நிறுத்தும். நமக்கு ஒரு ரன்னும் சேர்க்காது. சேர்க்க வேண்டியவன் வேறொருவன். ஷிவால்கரின் 13 கோப்பையானது, அவருக்குமுன் யாரோ எடுத்துவைத்த அந்தச் சொற்ப ரன்களால். அவருக்கும் கடைசிவரை ஒரு டெஸ்ட் ஆட்டம் கிடைக்கவில்லை.

நைனா இறந்தபின் நோட்டைப் புரட்டினேன். ஒரு வாரம் நினைவுக்கு வந்தது. உரித்தவன் கத்தி பட்டுத் தோல்களில் ஓட்டை. மொத்த லாட்டும் ரகம் இறங்கிப்போயிற்று. சீவினவர்களுக்கும் கூலியில் பிடித்தார்கள். “சீவுனது நானு. ஓட்ட போட்டது நானா?” என்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டார். அங்கே கேட்டாரா, தெரியாது.

அந்த வாரத்துப் பக்கத்தில் கூலி குறைந்திருக்கிறது. தோல்களின் எண்ணிக்கை ஆறு நாளும் முழுசாக இருக்கிறது. 1973-இல் நான் கேட்டதற்குப் பதில் இதுவாக இருக்கலாம். தோல்வியை விளக்க அவர் கணக்கு எழுதவில்லை. தான் செய்தது இவ்வளவு என்பதையும் தோல்வி எடுத்துக்கொண்டு போகாமலிருக்க எழுதினார்.