எள்ளளவு காற்று

காற்றில் பொறி பறந்தால் காற்று ஆறிக்கொள்ளும். மின்சாரத்தை நிறுத்திய சற்று நேரத்தில் அங்கே பொறி பறந்த சுவடே இராது. மின்மாற்றி எண்ணெயும் ஓரளவுக்கு அப்படித்தான். கரி மிதந்தாலும் புதிய எண்ணெய் வந்து இடைவெளியை நிரப்பிவிடும். திடமான மின்காப்புக்கு இந்தச் சலுகை கிடையாது. துளைபட்டால் பட்டதுதான். இதைப் பாடமாகப் படித்துத் தேறியவர்கள்தாம் நாங்கள் மூவரும்.

2009ஆம் ஆண்டு. 11 கிலோவோல்ட் மின்னோட்ட மாற்றிகள் பன்னிரண்டு எங்கள் பரிசோதனைக்கூடத்துக்கு வந்தன. ‘சி.டி.’ என்றே பட்டறையில் சொல்வோம். செப்புச் சுருளை அச்சில் நிறுத்தி, காற்றை உறிஞ்சி எடுத்தபடி எபாக்ஸிப் பிசினை ஊற்றி இறுகவைத்த கனத்த கட்டிகள். தரவிதிப்படி 28 கிலோவோல்ட்டை ஒரு நிமிடம் ஏற்றினோம். பன்னிரண்டும் தாங்கின. கையெழுத்திட்டோம். பகுதி மின்னிறக்கத்தை அளக்கும் கருவி பக்கத்து அறையிலேயே இருந்தது. வாங்குபவர் ஒப்பந்தத்தில் அதைக் கேட்கவில்லை. நாங்களும் அந்த அறையைத் திறக்கவில்லை.

பதினான்கு மாதங்கள் கழித்து அவற்றில் ஒன்று துணைமின்நிலையத்தில் வெடித்தது. அளவிகளைக் குறித்துக்கொண்டு பணியாளர் அவ்விடம் விட்டு அகன்று சில நிமிடங்களே ஆகியிருந்தன.

வெடித்தது கரிக்கட்டையாகத்தான் திரும்பி வந்தது. அதனிடம் கேட்டறிய ஒன்றுமில்லை. அதன் பக்கத்தில் அடுத்த கட்டத்துக்குப் பொருத்தப்பட்டிருந்த உடன்பிறப்பைக் கழற்றி வரச்செய்து, வில்லை வில்லையாக அறுத்தோம். ஏழாவது வில்லையில், செப்புச் சுருளின் விளிம்பருகே, எள்ளில் பாதியளவுக்கு ஒரு தட்டையான காற்றுக்குமிழ் இருந்தது. பிசின் இறுகும்போது சுருங்கி, செம்பை விட்டு விலகியிருக்க வேண்டும். குமிழின் விளிம்பிலிருந்து கருமையான கிளைகள் பிரிந்து, பிரிந்தவை மீண்டும் பிரிந்து, பூமித் தொடர்பு இருந்த பக்கம் நோக்கிப் பாதித் தொலைவு போயிருந்தன. மின்மரம் என்பார்கள். படங்களில் பலமுறை பார்த்ததுதான். நாங்கள் கையெழுத்திட்ட பொருளுக்குள் பார்ப்பது வேறு.

கணக்கு எளியது. மின்புலத்தை ஏற்கும் இயல்பில் பிசின் காற்றைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு. ஆகவே தட்டையான குமிழுக்குள் புலம் சுற்றியுள்ள பிசினில் இருப்பதைவிட நான்கு மடங்கு வரை ஏறுகிறது. காற்றோ சாதாரண நிலையில் மில்லிமீட்டருக்கு 3 கிலோவோல்ட் அளவில் முறிந்துவிடும். (மிக நுண்ணிய இடைவெளியில் இன்னும் கொஞ்சம் தாங்கும்.) வலுவான பிசினுக்குள் நலிந்த காற்று; கூடுதல் சுமை நலிந்ததன் தலையில். குமிழுக்குள் பொறி விழுகிறது, பிசினின் சுவர் துகள்துகளாக அரிக்கப்படுகிறது. மின்னழுத்தம் நொடிக்கு நூறு முறை உச்சம் தொடும். பதினான்கு மாதத்தில் அது முந்நூற்று அறுபது கோடியைத் தாண்டும். அறுபது நொடிச் சோதனைக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

1777இல் கோட்டிங்கன் நகரின் பேராசிரியர் லிக்டன்பெர்க், மின்னேற்றிய பிசின் தட்டின்மேல் தூசி படிந்து கிளைகிளையாய் உருவங்கள் விரிவதைக் கண்டார். இலக்கிய அன்பர்கள் அவரைக் குறிப்பேடுகளில் எழுதிவைத்த நறுக்குகளுக்காக அறிவர்; எங்கள் தொழிலில் அவர் அந்த உருவங்களுக்காக நினைக்கப்படுகிறார். அவர் பார்த்தது மேற்பரப்பில் படிந்த தூசி, ஊதினால் போய்விடும். எங்களுடையது உள்ளுக்குள் எரிந்தது.

மீதிப் பத்தையும் அளந்தோம். இத்தகைய வார்ப்புகளுக்கு, இயங்கும் அழுத்தத்தைவிடச் சற்று உயர்ந்த நிலையில், 20 பிக்கோகூலும் வரைதான் பொறுக்கலாம். ஒரு பிக்கோகூலும் என்பது கூலும்பில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. நான்கு அதைத் தாண்டின. கைப்பட எழுதிய கடிதத்தோடு அவற்றை விலக்கிவைத்தோம். கடிதத்தைப் படித்த அதிகாரி, “சான்றிதழ் கொடுத்ததும் நீங்கள்தானே?” என்றார். ஆம் என்றோம்.

எங்களில் இளையவன் அன்று மாலை கேட்டான்: “அந்தக் குமிழுக்கு 28 கிலோவோல்ட் அதுவரை யாரும் காட்டாத அடி, அண்ணே. வேர் விட்டதே நம்ம மேசைமேலதானோ?”

அப்படி ஆகக்கூடும் என்பது துறையில் பழைய வாதம். கடுஞ்சோதனை குறையைக் கண்டுபிடிக்காமல் அதை வளர்த்தும் விடலாம். அறுத்த வில்லையில் நாங்கள் பார்த்த மரத்தில் முதல் கிளை எந்த நாளில் பிறந்தது என்று எழுதியிருக்கவில்லை.

அதன்பின் வந்த எல்லா வார்ப்புகளுக்கும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், ஒரு நிமிடச் சோதனைக்கு முன்பு ஒருமுறையும் பின்பு ஒருமுறையும் பகுதி மின்னிறக்கத்தை அளந்தோம். பதிவேட்டில் அதற்கென அச்சிட்ட கட்டம் இல்லை. ‘குறிப்பு’ என்ற இடத்தில் இரண்டு எண்களையும் பென்சிலால் எழுதிவந்தோம்.